எத்திராஜ் என்ற பெயருக்குச் சோறு வைத்தவர்

பச்சையம்மாள் இறந்த செய்தியை எனக்குக் கொண்டுவந்தவர் எத்திராஜ். நம் ஊர்ப் போர்க் கல்லில், சீன தேசத்துச் சண்டையில் உயிர் துறந்தவர்களின் வரிசையில், மேலிருந்து ஆறாவதாகப் பெயர் வெட்டப்பட்டிருக்கும் அதே எத்திராஜ். போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, நான் இரண்டாம் வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தபோது, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பள்ளியின் படிக்குக் கீழே வந்து நின்றார். சாவுச் செய்தி கொண்டுவருகிறவர்கள் படியேற மாட்டார்கள். அவர் கீழே நின்றதிலேயே எனக்குப் பாதி தெரிந்துவிட்டது.

"அக்கா போயிட்டாங்க டீச்சரம்மா" என்றார். "விடியக்காலம் தண்ணி கேட்டாங்களாம். பக்கத்து வூட்டுப் பொம்பள மொண்டுக்கினு வர்றதுக்குள்ள அடங்கிப் போச்சி."

"காரியமெல்லாம் யார் செய்வாங்க?" என்று கேட்டேன். பச்சையம்மாளுக்கு உறவென்று ஒருவரும் இல்லை.

"இன்னா டீச்சரம்மா இப்பிடிக் கேக்கறீங்க? நான் இல்லயா?"

சபைப் பத்திரிகையில், பள்ளிக்கூடத்தில் தண்ணீர் சுமந்த ஓர் இந்துப் பெண்ணுக்கு இத்தனை பக்கம் எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். இதை வாசிக்கும் உங்களில் பலருடைய பெண்கள் எட்டு ஆண்டுகளாக அவர் இறைத்த தண்ணீரைத்தான் குடித்தார்கள். அவர் அடித்த மணிக்குத்தான் வீட்டுக்கு ஓடினார்கள். உங்களுக்கெல்லாம் அவரைத் தெரியும். 'கல்லுக்குச் சோறு போட்டவள்' என்று தெரியும். ஏன் போட்டார், ஏன் ஒரு நாள் நிறுத்தினார் என்பது எனக்கு மட்டும் தெரியும். அவர் உயிரோடு இருக்கும்வரை எழுதக் கூடாது என்று என்னைக் கட்டுப்படுத்தியிருந்தார். அந்தக் கட்டு இப்போது அவிழ்ந்துவிட்டது.

அந்தக் கல்லைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். சீனாவில் வெள்ளைக்காரர்களோடு சண்டை மூண்டபோது, பாறையைத் துளைக்கவும் மருந்து வைத்து உடைக்கவும் தெரிந்த ஆட்கள் வேண்டும் என்று பட்டாளத்திலிருந்து ஒரு ஹவில்தார் நம் ஊருக்கு வந்தார். நம் தங்கச் சுரங்கத்திலிருந்து கிளம்பியவர்கள் மாலை போட்டுக்கொண்டு மாரிகுப்பம் ஸ்டேஷனில் ரயிலேறினார்கள். அவர்களில் ஒன்பது பேர் திரும்பவில்லை. குண்டுபட்டுச் செத்தவர்கள் குறைவு, குளிரிலும் காய்ச்சலிலும் போனவர்களே அதிகம் என்று திரும்பி வந்தவர்கள் சொன்னார்கள். மறு வருடம், ஆள் கணக்கெடுக்கும் டைம் ஆபீசுக்கும் தொழிலாளர்களின் மூங்கில் தட்டி வீட்டு லைன்களுக்கும் நடுவில், ஓர் ஆள் உயரக் கருங்கல்லை நட்டு அந்த ஒன்பது பெயர்களையும் வெட்டினார்கள். பெயர்களை டைம் ஆபீஸ் ஏட்டிலிருந்து எடுத்தார்கள். தவறு அங்கேதான் நுழைந்தது. அதைத் தவறு என்று சொல்ல நம் ஊரில் யாருக்கும் வாய் வராது, ஏனென்றால் அது நம் எல்லோருடைய வழக்கம்.

சுரங்கத்துக்குள் இறங்கும் ஆணுக்கு இங்கே இரண்டு பெயர். பெற்றவர்கள் வைத்தது ஒன்று, கையிலிருக்கும் பித்தளை டோக்கனுக்கு உரியது இன்னொன்று. சுரங்கக் குழியான ஷாஃப்டில் இறங்கும்போது டோக்கனைப் பலகையில் மாட்டுவான், மேலே வந்ததும் எடுத்துக்கொள்வான். அறுவடைக்காகச் சொந்த ஊருக்குப் போகிறவன், காய்ச்சலில் படுத்தவன், தன் இடம் பறிபோகாமலிருக்க டோக்கனை வேறொருவனிடம் கொடுத்துவிடுவான். வாங்கியவன் அந்தப் பெயரைக் கூப்பிடும்போது "இருக்கேன்" என்று குரல் கொடுத்து இறங்குவான். மேஸ்திரிக்குத் தெரியும், கிளார்க்குக்கும் தெரியும். வாரம் போய் மாதமாகும், மாதம் போய் வருடமாகும், கடைசியில் பக்கத்து வீட்டாரும் அந்தப் பெயரையே சொல்லிக் கூப்பிடத் தொடங்கிவிடுவார்கள்.

பிளேக் வந்த வருடம், எத்திராஜ் பயந்துபோய்க் குடியாத்தம் பக்கத்துத் தன் கிராமத்துக்குக் கிளம்பினார். மாரிகுப்பம் ஸ்டேஷனில், அப்போதுதான் மனைவியோடு வந்திறங்கி வேலை தேடி விழித்துக்கொண்டிருந்த ஒருவர் கையில் தன் டோக்கனைத் திணித்துவிட்டு அதே ரயிலில் ஏறிக்கொண்டார். அந்த மனைவிதான் பச்சையம்மாள். ஊருக்குள் கால் வைத்த முதல் மணி நேரத்திலேயே அவருடைய கணவர் எத்திராஜ் ஆகிவிட்டார். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட அவருக்கு அண்ணன் தம்பி யாரும் கிடையாது. தாது வருஷப் பஞ்சத்தில் அவர் வீட்டிலும் பச்சையம்மாள் வீட்டிலும் இவர்கள் இருவரைத் தவிர ஒருவரும் மிஞ்சவில்லை. எத்திராஜாகவே பட்டாளத்தில் சேர்ந்தார். எத்திராஜ் இறந்தார் என்று காகிதம் வந்தது. அந்தக் காகிதத்தில் கைநாட்டு வைக்கப் பச்சையம்மாள் மறுத்துவிட்டார். பொட்டையும் அழிக்கவில்லை, வளையலையும் கழற்றவில்லை. அந்தக் கோலத்தில்தான் நம் பள்ளிக்கு வேலை கேட்டு வந்தார். அப்போது எனக்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது.

கல்லைத் திறந்துவைத்த நாள் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். நம் பிள்ளைகள் பாடினார்கள். துரைகள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். பெயர்களை வாசிக்கும் வேலையை டைம் ஆபீஸ் கிளார்க்கிடம் கொடுத்திருந்தார்கள். ஷிஃப்டுக்கு ஆள் கூப்பிட்டுப் பழகிய குரல் அவருக்கு. செத்தவர்களையும் அதே குரலில்தான் கூப்பிட்டார். ஒவ்வொரு பெயருக்குப் பிறகும், பழக்கம் விடாமல், சற்று நிறுத்தினார். ஐந்து பெயர்கள் ஆயின. ஆறாவதாக "எத்திராஜ்" என்றார்.

"இருக்கேன்!" என்று கூட்டத்தின் நடுவிலிருந்து ஒரு குரல் வந்தது.

கிராமத்திலிருந்து திரும்பி வந்திருந்த எத்திராஜ்தான். வேடிக்கை பார்க்க வந்தவர், பெயர் காதில் விழுந்ததும் யோசிக்காமல் குரல் கொடுத்துவிட்டார். ஒரு பையன் சிரித்தான். அவனைத் தவிர யாரும் சிரிக்கவில்லை. தங்கக் கல்லை இடிக்கும் மில்லின் சத்தம் மட்டும் கேட்டது. எத்திராஜ் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். கிளார்க் ஏட்டையும் கூட்டத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஏழாவது பெயருக்குப் போனார். என் பக்கத்தில் நின்ற பச்சையம்மாள் அந்த மனிதரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் நான் கண்டது புன்னகை. மாதக்கணக்கில் தேடிய ஒரு பொருள் கண்ணில் பட்டதுபோல அது இருந்தது. அழ வேண்டிய நேரத்தில் சிரிக்கிறாளே, பாவம், மனம் பேதலித்துவிட்டது போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை மத்தியான இடைவேளையில் அவரை முதன்முறையாகக் கல்லின் முன்னால் பார்த்தேன். மண்சட்டியில் கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும் கொண்டுவந்து வைத்துவிட்டுக் குந்தி உட்கார்ந்திருந்தார். வெள்ளிக்கிழமையில் கருவாடு என்பது எனக்கு விநோதமாகப் பட்டது, அவர் மற்ற விஷயங்களில் விரதம் தவறாதவர்.

"தின்னு" என்று கல்லிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "வவுறு ரொம்பத் தின்னு. எங்கியும் போவாத. இங்கியே குந்திக்கினு இரு."

கேட்டு என் கண் கலங்கிவிட்டது. ஒரு மனைவியின் அன்பு இது என்று அன்று என் குறிப்பேட்டில் எழுதினேன். அந்தப் பக்கத்தை நான் இன்னும் கிழிக்கவில்லை. எவ்வளவு நன்றாக எழுதியிருந்தும் எவ்வளவு தப்பாக எழுதியிருக்கிறோம் என்று பார்க்க அதை அவ்வப்போது எடுத்துப் படிப்பேன்.

இரண்டு மாதம் கழித்து எத்திராஜ் என்னைத் தேடி வந்தார். அந்நாளில் ஊரில் ஆங்கிலத்தில் மனு எழுதத் தெரிந்த ஆசிரியை நான் ஒருத்திதான்.

"ஒரு மனு எழுதணும் டீச்சரம்மா. நான் சாவலன்னு."

"உங்க பேர்?"

"எந்தப் பேர கேக்கறீங்க?"

"உண்மையான பேர்."

"எத்திராஜு. ஆனா ஆபீசுல ஆரோக்கியசாமி. திரும்பி வந்தப்போ என் டோக்கனு சீனாவுக்குப் போயிட்டிருந்துச்சி. ஆரோக்கியசாமின்னு ஒருத்தரு கண்ணு தெரியாம நின்னுட்டாரு, அவரோடத வாங்கிக்கினேன்."

"அப்ப நீங்க கிறிஸ்தவரா?"

"டோக்கன் கிறிஸ்தவன் டீச்சரம்மா. நான் நாமம் போடறவன். மூணு ஞாயித்துக்கெழம கோயிலுக்கு வர்லன்னு உங்க போதகரு வூட்டுக்கே வந்துட்டாரு. நான் கட்டிலு கீழ பூந்துக்கினேன்."

மனுவை எடுத்துக்கொண்டு நானே அவரோடு ஆபீசுக்குப் போனேன். கிளார்க் அதை இரண்டு முறை படித்தார்.

"எத்திராஜ் உயிரோட இருக்காருன்னு ஆரோக்கியசாமி மனுப் போடறாரு. சரிம்மா. எத்திராஜ் எங்க? அவரே வந்து கைநாட்டு வைக்கட்டும்."

"இவர்தான் எத்திராஜ்."

"எத்திராஜ் செத்துட்டாரும்மா. கல்லுலயே இருக்குதே, பாக்கலயா?"

அவர் கேலியாகச் சொல்லவில்லை. வெகுநேரம் பேசிய பிறகு ஒரு வழி சொன்னார். கல்லில் ஒரு பெயரை எடுத்தால் அந்த இடத்தைக் குழியாக விட முடியாது, செத்தவரின் சொந்தப் பெயரைக் கொண்டுவந்தால் மேலிடத்துக்கு எழுதிப் பார்க்கலாம் என்றார். அந்தப் பெயர் உலகத்தில் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். அந்தப் பச்சையம்மாள் கணவன் பெயரை வாயால் சொல்லும் வழக்கம் இல்லாதவர்.

தண்ணீர்த் தொட்டியடியில் லைன் பெண்கள் அவரைச் சுற்றிக்கொண்டதை நான் வராந்தாவிலிருந்து கேட்டேன்.

"வாயால சொல்லாத அக்கா. நாங்க சொல்றோம், தலைய மட்டும் ஆட்டு. மல மேல கீற சாமி பேரா?"

"பெருமாளு பேரா?"

"மாமனாரு மாட்டுக்கு வெச்ச பேர மகனுக்கு வெச்சிட்டாரோ இன்னாவோ, அதான் அக்காக்கு வெக்கமா கீது!"

பச்சையம்மாள் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டார். "மொதல்ல நீங்கல்லாம் உங்க புருசனுங்க பேர சொல்லுங்கடி, கேக்கறேன். ஒருத்தியும் வாயத் தொறக்கல பாரு. போங்கடி" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அவர் தலை எந்தப் பெயருக்கும் இம்மியும் அசையவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. நான் மணமாகாதவள். சொல்லக் கூடாத பெயர் என்று என் வாழ்க்கையில் ஒன்றும் இருந்ததில்லை. ஒரு வெறும் வழக்கத்துக்காக, உயிரோடிருக்கும் ஒரு மனிதனைக் கல்லில் செத்தவனாக வைத்திருக்கிறாளே என்று நினைத்தேன். அன்று மாலை, பிள்ளைகள் போனபின், வகுப்பறையிலேயே உட்காரவைத்துக் கண்டித்தேன். நான் முடிக்கும்வரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க படிச்சவங்க. ஒண்ணு சொல்லுங்க" என்றார் பிறகு. "அவரு செத்தாருன்னு வந்த காயிதத்துல யாரு பேரு கீது?"

"எத்திராஜ்."

"கல்லுல?"

"எத்திராஜ்."

"அப்போ செத்தது யாரு?"

அவரே தொடர்ந்தார்.

"சாவு மூஞ்சியப் பாக்காது டீச்சரம்மா. பேரத்தான் கூப்புடும். டைம் ஆபீசு கிளார்க்கு மாதிரி. கல்லு நட்ட அன்னிக்கு கூப்புட்டுச்சி, அந்த ஆளு இருக்கேன்னான். நீங்களும்தான கேட்டீங்க? அன்னிக்கே அது அந்தப் பேருல குந்திக்கிச்சி. அதுக்குப் பசிக்காம நான் பாத்துக்கினா, அதவுட்டு எழுந்திருக்காது. அவரு பேரத் தேடிக்கினு போவாது. அவரு எங்கியோ கீறாரு. வழி தெரியாம கீறாரு. வருவாரு."

அவர் கல்லுக்கு வைத்த சோறு கணவருக்கு வைத்த சோறு அல்ல என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. சாமிக்கும் இல்லை, சாவுக்கு. அதனால்தான் வெள்ளிக்கிழமையில் கருவாடு.

"அப்ப எத்திராஜ்? அவருக்கு மனைவி இருக்காங்களே?"

"அவனுக்குத்தான் ஆரோக்கியசாமின்னு இன்னொரு பேரு கீதே. அதுல பொழச்சிக்கட்டும்."

இதையெல்லாம் மூட நம்பிக்கை என்று சொன்னேன். அவர் மறுக்கவில்லை. பஞ்சத்தில் கஞ்சித் தொட்டியில் நடந்த ஒன்றைச் சொன்னார். காலையில் பெயர் கூப்பிட்டுத்தான் கஞ்சி ஊற்றுவார்களாம். தங்கை காய்ச்சலில் எழுந்திருக்க முடியாமல் கிடந்தாள். அவள் பெயரைக் கூப்பிட்டபோது பச்சையம்மாள் "இருக்கேன்" என்று சொல்லி அவள் பங்கையும் வாங்கினார். கொண்டுபோய்க் கொடுக்கத்தான் வாங்கினார். வழியில் தானே குடித்துவிட்டார். "அவ பேருல நான் குடிச்சேன். அவ போயிட்டா, நான் கீறேன். பேருன்னா இன்னான்னு எனக்கு நீங்க சொல்லித் தராதீங்க டீச்சரம்மா" என்றார். பத்து வயதில் நடந்ததை அவர் சொன்ன விதத்தில் அழுகை இல்லை, சாட்சி சொல்கிறவருடைய நிதானம்தான் இருந்தது.

அந்த மழைக்காலம் முழுவதும் எத்திராஜ் மெலிந்துகொண்டே போனார். முதலில் ஷிஃப்டுக்குப் போக முடியவில்லை. பிறகு எழுந்து நிற்க முடியவில்லை. ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு இன்ன வியாதி என்று சொல்ல முடியாமல் மருந்து கொடுத்து அனுப்பினார்கள். அவருடைய மனைவி என்னைத் தேடி வந்தாள்.

"சோறு எறங்க மாட்டேங்குது. தூக்கம் இல்ல. ஆனா வெள்ளிக்கெழம மத்தியானம் ஆனா, வாயில கருவாடு ருசி வருதுன்றாரு டீச்சரம்மா. எங்க வூட்ல வெள்ளிக்கெழம கவிச்சியே தொடமாட்டோம். சட்டிகூட வேற. எங்கேர்ந்து வருது?"

பச்சையம்மாள் கல்லுக்கு என்ன வைக்கிறார் என்பதை நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. சட்டியை முந்தானையால் மூடித்தான் எடுத்துப்போவார். சோறு வைக்கிறாள் என்ற அளவில்தான் ஊராருக்குத் தெரியும். ஆனாலும் யாராவது எட்டிப் பார்த்திருக்கலாம், நாய் இழுத்துப் போட்ட முள்ளைக் கண்டிருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, மறுநாள் பச்சையம்மாளிடம் இதைச் சொன்னேன்.

"பொய்யி" என்றார். "நீங்கதான் சொல்லிக் குடுத்திருப்பீங்க. மனசு எளகட்டும்னு." என்னை அவர் பொய்க்காரி என்று சொன்னது அந்த ஒரு முறைதான்.

அது ஒரு வியாழக்கிழமை. மறுநாள் மத்தியானம் வழக்கம்போல் கல்லுக்கு வைத்துவிட்டு வந்து என் முன்னால் நின்றார். "வாங்க. அந்த ஆள நானே பாக்கறேன். பொய்யின்னு உங்களுக்குக் காட்டறேன்" என்றார். நடந்து போகும்போது, வீட்டில் உப்பு தீர்ந்துபோனது, கடைக்குப் போக நேரமில்லாமல் அப்படியே பொங்கிக் கொண்டுவந்தது என்று தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டு வந்தார். வேறொன்றும் பேசவில்லை.

எத்திராஜ் தட்டி வீட்டின் மூலையில் பாயில் கிடந்தார். தாடை எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. கண் மூடியிருந்தது. பச்சையம்மாள் வாசலிலேயே நின்றுவிட்டார். கல் நட்ட நாளுக்குப் பிறகு அவர்கள் ஒருவரையொருவர் நேருக்கு நேர் பார்த்ததில்லை. யாரும் வாய் திறக்கவில்லை. எத்திராஜ் நாக்கைச் சப்புக்கொட்டினார். கண்ணைத் திறக்காமலே, சாப்பாட்டின் நடுவில் குறை சொல்கிறவர்போல, சொன்னார்:

"இன்னிக்கு உப்பே இல்ல."

"பாருங்க டீச்சரம்மா" என்று அழுதாள் அவர் மனைவி. "காலையிலேர்ந்து பச்சத் தண்ணிகூட எறங்கல. உப்பு இல்லன்றாரு!"

பச்சையம்மாளின் கை கதவுத் தட்டியைப் பிடித்தது. வளையல்கள் மூங்கிலில் உரசும் சத்தம் கேட்டது. பிறகு அந்த மனைவியைப் பார்த்து, "உனுக்கு வவுத்துல எத்தினி மாசம்?" என்று கேட்டார். எனக்கு அதுவரை தெரியாத விஷயம் அது. "அஞ்சு" என்றாள் அவள். பச்சையம்மாள் தலையாட்டிவிட்டு வெளியே வந்து நேராகக் கல்லை நோக்கி நடந்தார். நான் பின்னால் ஓடினேன்.

அன்று மில்லில் ஏதோ பழுது. காலையிலிருந்து இடிக்கும் சத்தம் நின்றிருந்தது. நம் ஊரில் மில் நின்றால் தூங்கும் குழந்தைகள் விழித்துக்கொண்டு அழும், பெரியவர்களுக்குக் காது அடைத்ததுபோல் இருக்கும். அந்த வெயிலில், அந்த நிசப்தத்தில், கல்லைச் சுற்றி ஒரு காக்கைகூட இல்லை. வைத்த சோறு வைத்தபடி இருந்தது. பச்சையம்மாள் சட்டியை எடுத்துச் சோற்றைத் தூரக் கொட்டினார். கல்லின் அடியை முந்தானையால் துடைத்தார். பிறகு இரண்டடி பின்னால் வந்து, நிமிர்ந்து நின்று, ஷிஃப்டுக்கு ஆள் கூப்பிடுவது போன்ற உரத்த குரலில், தன் கணவனின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

ஒரே ஒரு முறை. பிறகு காத்திருந்தார். தலையைச் சற்றுச் சாய்த்து, நிலத்துக்குக் கீழிருந்து வருவதைக் கேட்பவர்போல நின்றார்.

"சரி" என்றார்.

"யாருக்குச் சொன்னே, பச்சையம்மா?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "உங்களுக்குக் கேக்கல?"

எனக்குக் கேட்டதா இல்லையா என்பதை இன்றுவரை நான் தீர்மானிக்கவில்லை. கேட்கவில்லை என்று எழுதத்தான் விரும்புகிறேன். நம் ஊரில் பூமிக்கு அடியில் பாறை வெடிப்பதும் நிலம் அதிர்வதும் தினம் நடப்பது, காற்று ஷாஃப்ட் வழியாக வரும்போது மனிதக் குரல்போல ஒலிப்பதும் உண்டு. அவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும்.

பச்சையம்மாள் கல்லின் விளிம்பில் கையைத் தட்டி வளையல்களை உடைத்தார், முதலில் வலது கை, பிறகு இடது கை. பொட்டை அழித்தார். அங்கேயே உட்கார்ந்து, வருடக்கணக்கில் அழாமல் வைத்திருந்ததையெல்லாம் அழுதார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவரைத் தொட வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அதற்காக இன்றும் வருந்துகிறேன்.

திரும்பி வரும் வழியில், இனி மனு எழுதலாமா, கல்லைத் திருத்தச் சொல்லலாமா என்று கேட்டேன்.

"வேணாம். எழுதினா படிப்பாங்க. படிச்சா எவனாவது கூப்புடுவான். இப்பத்தான் போறாரு. கூப்புட்டா திரும்பிப் பாப்பாரு. நான் இருக்கறவரிக்கும் எழுதாதீங்க."

எத்திராஜ் பிழைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரி மருந்து தாமதமாக வேலை செய்தது என்று நான் எல்லோரிடமும் சொன்னேன், சொல்லும் உரிமையும் எனக்கு உண்டு. அடுத்த வெள்ளிக்கிழமை மத்தியானம் அவர் வாயில் எந்த ருசியும் இல்லை என்று அவர் மனைவி வந்து சொன்னாள். எழுந்து நடமாடத் தொடங்கியதும் அவரே வந்தார். கல் திருத்தப்படாது என்று நான் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "டோக்கனத்தான் குடுத்தேன். பேரையும் அவரே வெச்சிக்கட்டும்" என்றார். இறந்தவரின் உண்மைப் பெயர் என்னவென்று அவர் கேட்கவில்லை. பச்சையம்மாளிடமும் கேட்டதில்லை. அன்றிலிருந்து எத்திராஜுக்குப் பச்சையம்மாள் அக்கா ஆனார். அந்த மனைவிக்குப் பிறந்த பெண்ணை நம் பள்ளிக்குக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தவர் பச்சையம்மாள்தான்.

அதற்குப் பிறகு அவர் கல்லின் பக்கம் போகவேயில்லை. டைம் ஆபீஸ் வழியாகப் போக வேண்டியிருந்தால் சுற்றிக்கொண்டு போவார். வகுப்பில் நான் ஆஜர்ப் பட்டியல் வாசிக்கும்போது மட்டும் வராந்தாவில் வந்து நிற்பார். வராத பெண்ணின் பெயரை நான் இரண்டாம் முறை கூப்பிட்டால் உள்ளே எட்டிப் பார்த்து, "வர்லன்னா வுட்டுடுங்க டீச்சரம்மா. ரெண்டு தடவ கூப்புடாதீங்க" என்பார். ஒரு நாள் ஒரு சிறுமி தன் தோழிக்காக விளையாட்டாகக் குரல் கொடுத்தாள். பச்சையம்மாள் குடத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்து அந்தப் பெண்ணின் வாயைப் பொத்தினார். குடம் உடைந்து வகுப்பெல்லாம் தண்ணீர். பிள்ளைகள் இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். நான் இப்போதெல்லாம் எந்தப் பெயரையும் ஒரு முறைக்கு மேல் கூப்பிடுவதில்லை. அதற்குக் காரணம் கேட்டால் நேரம் போதவில்லை என்பேன்.

அடக்கம் முடிந்து திரும்பும்போது எத்திராஜ் என் பக்கத்தில் நடந்து வந்தார். கையில் இன்னும் மண் ஒட்டியிருந்தது. "இப்போ சொல்லலாமா டீச்சரம்மா? எட்டு வருசமா அவரு என் பேருல கெடக்கறாரு. அவரு பேரு இன்னான்னு எனக்குத் தெரியாம நான் செத்துடக் கூடாது இல்ல?" என்றார். நான் சொன்னேன். அவர் நின்று, அதை வாய்க்குள்ளேயே ஒரு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

இதை எழுத உட்கார்ந்தபோது எனக்கும் தயக்கம் இருந்தது. அச்சில் வந்தால் படிப்பார்கள், படித்தால் யாராவது கூப்பிடுவார்கள் என்று அவர் பயந்தது நினைவுக்கு வந்தது. என் விசுவாசம் இந்தப் பயத்துக்கு இடம் தராது. இருந்தாலும் அவருடைய கணக்கிலேயே யோசித்துப் பார்த்தேன். இனி யார் கூப்பிட்டாலும், போக வேண்டாம் என்று கணவரின் தோளைப் பிடித்துச் சொல்ல அங்கே ஓர் ஆள் இருக்கிறது.

பச்சையம்மாளின் சட்டியும் புடவையும் எத்திராஜ் வீட்டுக்குப் போயின. என்னிடம் அவர் விட்டுப்போனது ஒரு பெயர். தன் வாழ்நாளில் ஒரே ஒரு முறை, வேறொரு பெண்ணின் கணவன் பிழைப்பதற்காக, அவர் வாய்விட்டுச் சொன்ன பெயர். அதை எட்டு ஆண்டுகள் நான் வைத்திருந்தேன். இனி உங்களிடமும் இருக்கட்டும். கல்லில் ஆறாவதாக இருப்பவர் வேம்புலி.